உலக சுகாதாரம் மைனராக எடுக்கலாமா? மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து அமெரிக்கா வந்த பிள்ளைகளுக்கு

களுவாஞ்சிகுடி, காரைதீவுப் பக்கத்திலிருந்து இங்கே பட்டப்படிப்புக்கு வந்த தம்பி தங்கச்சிமார் சிலர் இதைக் கேட்கிறார்கள்: மேஜரோடு, அதாவது முதன்மைப் பாடத்தோடு, சேர்த்து உலக சுகாதாரத்தையும் (குளோபல் ஹெல்த்) முடித்தால் பிரயோசனம் உண்டா? உண்டு. ஆனால் வீட்டில் நினைப்பதுபோல மருத்துவக் கல்லூரிக்கோ விசாவுக்கோ அல்ல.

ஹார்வர்டில் செகண்டரி ஃபீல்ட் என்பார்கள், மற்ற இடங்களில் மைனர், அதாவது துணைப் பாடம். மேஜருக்கு வெளியே ஒரு சில பாடங்கள், அவ்வளவுதான். மருத்துவக் கல்லூரிக்கு இது கட்டாயமில்லை. அங்கே கேட்பது உயிரியல், இரசாயனம், பௌதிகம். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவர்கள் பட்டத்துக்குப் பிறகு இங்கே வேலை செய்யக் கிடைக்கும் ஸ்டெம் ஓபிடி என்ற 24 மாத நீடிப்பு மேஜரை வைத்துத்தான் கிடைக்கும். மைனரைக் காட்டி வாங்க முடியாது.

அப்போ எதற்கு எடுக்க வேண்டும்? வகுப்பில் நம்ம நாடே பாடமாக வரும், அதற்காக. 1985இல் ரொக்கெஃபெல்லர் அறக்கட்டளை கூட்டிய மாநாட்டில், குறைந்த செலவில் மக்களின் ஆரோக்கியத்தை உயர்த்திய இடங்களாகக் கேரளா, சீனா, கோஸ்டாரிக்காவோடு இலங்கையையும் வைத்துப் பேசினார்கள். இலவச மருத்துவம், பெண் கல்வி, வீடு தேடி வரும் மிட்வைஃப் எல்லாம் விரிவுரையில் அழகாக வரும். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் நம்ம பிள்ளை அந்த இடத்தில் கை உயர்த்த வேண்டும். இலங்கையில் 1993, 2000 ஆண்டுகளில் நடந்த மக்கள்தொகை, சுகாதார ஆய்வுகளில் வடக்கு, கிழக்கு மாகாணங்கள் சேர்க்கப்படவில்லை. யுத்த காலம். அப்போது ‘இலங்கையின் சராசரி’ என்று வந்த எண்ணிக்கையில் வாகரையும் இல்லை, திருக்கோவிலும் இல்லை. கிழக்கு 2006-07 ஆய்வில்தான் வந்தது, அப்போதும் வடக்கு இல்லை. ஒரு தாய் கணக்கிலேயே வராவிட்டால் திட்டத்தில் எப்படி வருவாள்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பாடங்களைத் தெரிவு செய்யுங்கள்.

அதனால் முதல் வருடமே புள்ளிவிபரவியலும், நோய் மக்களிடையே எப்படிப் பரவுகிறது என்று படிக்கும் தொற்றுநோயியலும் எடுத்துவிடுங்கள். கஷ்டம் என்று தள்ளிப்போட்டுவிட்டு, கதை சொல்லும் பாடங்களை மட்டும் எடுப்பவர்களைப் பார்க்கிறேன். கடைசி வருடத்தில் ஆய்வுக் கட்டுரைக்கு ஒரு அட்டவணை கூடப் போட வராது. விண்ணப்பக் கட்டுரையில் சுனாமியைச் சொல்லி அழவைக்கும் வேலையும் வேண்டாம். 2004க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளும் அதைத்தான் எழுதுகிறார்கள். என்ன சொல்ல!

கோடை விடுமுறையில் ஊருக்குப் போய் ஆய்வு செய்ய நினைத்தால், இங்கே பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில். ஊரிலும் தனியாக நெறிமுறை அனுமதி எடுக்க வேண்டும். எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸில் மாமா வேலை செய்கிறார் என்பது அனுமதி ஆகாது. அம்பாறை மாவட்டத்துப் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: மாவட்டம் ஒன்று என்றாலும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை இரண்டு, அம்பாறையில் ஒன்று, கல்முனையில் ஒன்று. அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கம் என்றால் கல்முனைக்குத்தான் எழுத வேண்டும். பதில் வர நாள் எடுக்கும். தை மாதமே கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.