கறுப்புக் காசு நம் ஊருக்குள் வரும் வழி: பார்த்தவர்கள் எழுதுங்கள்

நானே தொடங்குகிறேன். அம்பாறை மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளையில் காசாளராக இருந்தேன். நம் பக்கத்தில் காசுக்கும் ஒரு காலம் உண்டு. பெரும்போக அறுவடை முடிந்தால் நெல் விற்ற காசு பை பையாக வரும். ஆனால் நான் சொல்லும் சம்பவம் நடந்தது நவம்பரில், வயலில் விதைப்பு நடக்கும் நேரம். மூன்று தம்பிமார் வரிசையில் அடுத்தடுத்து வந்து, ஆளுக்கு 9 இலட்சத்து 50 ஆயிரம் ஒரே கணக்கில் போட்டார்கள். மூன்று வைப்புச் சீட்டிலும் ஒரே கையெழுத்து, ஒரே பச்சை மை. கேட்டால் “நெல் காசு”.

10 இலட்சம் ரூபாயைத் தொட்டால் வங்கி அதை மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டம் அப்படி. அதற்குப் பயந்துதான் இந்தப் பிரிப்பு. ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் தொகை சிறிதென்றாலும் அறிவிக்கத்தான் வேண்டும். பலருக்கு இது தெரியாது. மேலதிகாரியிடம் உடனே சொன்னேன். அறிவித்ததை வாடிக்கையாளருக்குச் சொல்வதும் குற்றம் என்பதால், வழக்கம்போல் முத்திரை குத்தி அனுப்பினேன். கறுப்புக் காசை வெள்ளையாக்குவது மூன்று கட்டமாக நடக்கும்; காசை வங்கிக்குள் நுழைக்கும் இந்த முதல் கட்டத்தில்தான் பிடிப்பது சுலபம்.

மட்டக்களப்பிலிருந்து, நகைக்கடை ஊழியர்:
கல்யாண நகை எடுக்க வரும் குடும்பம் செய்கூலிக்கே ஒரு மணித்தியாலம் பேரம் பேசும். எங்களிடம் வந்த ஒருவர் டிசைனும் பார்க்கவில்லை, கூலியும் கேட்கவில்லை. “எத்தனை பவுண் இருக்கு?” அவ்வளவுதான். அடையாள அட்டை கேட்டதும் பில்லை வேறு பெயரில் போடச் சொன்னார். முதலாளி மறுத்துவிட்டார். அந்த நகை வேறு ஊரில் கைமாறினால் அது ‘நகை விற்ற காசு’ ஆகிவிடும், அடி எதுவென்று தேடுவது கஷ்டம். அவர் அடுத்த கடைக்குப் போயிருப்பார் என்பதுதான் என் கவலை.

கல்முனையிலிருந்து:
என் மச்சானின் மகனிடம், “கட்டார்க் காசு உன் கணக்குக்கு வரும், எடுத்து நான் சொல்ற கணக்குகளுக்குப் போடு, கமிஷன் தாறன்” என்று தெரிந்தவர் ஒருவரே கேட்டார். பிள்ளை நம்பிப் போட்டான். இப்போது கணக்கு முடக்கம், விசாரணைக்கு அலைவது அவன். கேட்டவரின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

மீண்டும் நான்:
கல்முனைத் தம்பி, நீங்கள் சொன்னதுதான் இரண்டாம் கட்டம், காசைக் கணக்குக் கணக்காக ஓட்டித் தடத்தை அழிப்பது. மூன்றாவதில் அது காணியாக, கடையாக, லொறியாக நின்றுவிடும். காணி உறுதியில் (பத்திரத்தில்) எழுதும் விலை ஒன்று, கையில் கொடுக்கும் காசு ஒன்று என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நொத்தாரிசுமார் யாரும் இருந்தால் அதைப் பற்றி எழுதுங்கள்.