பயனர்கள் உள்ளே இருக்கும்போதே அவர்களுடைய செஷனில் உள்ள விலையைத் திருத்துவது எப்படி?

கேள்வி: மாட்டுத்தாவணி நிரலர்

அனைவருக்கும் வணக்கம். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் உள்ள ஒரு கமிஷன் கடைக்காக, வெளியூர் வியாபாரிகள் செல்போனிலேயே ஆர்டர் போடும் சிறிய வலைச் செயலி ஒன்றைப் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிப் பராமரித்து வருகிறேன். உபுண்டு சர்வரில், பிஎச்பியின் இயல்பான கோப்புவழிச் செஷனில் (உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் சர்வர் தனியாக ஒரு கோப்பில் வைத்திருக்கும் தற்காலிகக் குறிப்பு) அது ஓடுகிறது. வியாபாரி ஒரு பூவைத் தேர்ந்தெடுத்ததும் அதன் பெயர், எத்தனை கிலோ, அந்நேரத்து விலை ஆகிய மூன்றையும் அவருடைய செஷனில் எழுதிவிடுகிறேன்.

மல்லிக்கு விடியற்காலையில் ஒரு விலை, வெயில் ஏறிய பின் வேறு விலை என்பது இங்குள்ளவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடைக்காரர் விலையை மாற்றிய பிறகும், ஏற்கெனவே கூடையில் பூவைப் போட்டு வைத்திருந்தவருக்குப் பழைய விலையிலேயே பில் விழுந்தது. அதனால், விலை மாறியவுடன் எல்லாச் செஷன் கோப்புகளையும் திறந்து, பழைய விலையைத் தேடிப் புதிய விலையை அந்த இடத்தில் வைக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினேன். மல்லி 800 ரூபாயிலிருந்து 650-க்கு இறங்கிய நாளில் அது ஒழுங்காகவே வேலை செய்தது. ஆனால் சென்ற முகூர்த்த நாளில் 900 ரூபாய் 1,200 ஆனபோது, மல்லியைக் கூடையில் வைத்திருந்த அத்தனை பேரும் ஒரே சமயத்தில் வெளியே தள்ளப்பட்டார்கள், கூடையும் காலியாகிவிட்டது. செஷன் தரவைப் பிரிக்க இயலாததால் செஷன் அழிக்கப்பட்டது என்ற பொருளில் பதிவேட்டில் எச்சரிக்கைகள் வரிசையாக நின்றன. கடைக்காரரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். விலை இறங்கிய நாட்களிலும் ஓரிருவருக்கு மட்டும் பழைய விலையே நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எங்கே பிழை செய்கிறேன்?

பதில் 1: வைகை வடகரை

உங்கள் தரவுத்தளத்தில் விலைப் புலம் டெசிமல் (தசம எண்) வகையைச் சேர்ந்தது என்று ஊகிக்கிறேன். தரவுத்தளத்திலிருந்து அது எண்ணாக வராமல் சரமாகவே (எழுத்துத் தொடராகவே) பிஎச்பிக்கு வரும். செஷன் கோப்பிலும் சரமாகவே எழுதப்படும். ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள், எஸ்:6:"900.00" என்று இருக்கும். எஸ் என்றால் சரம்; நடுவில் உள்ள அந்த 6, அதன் நீளம். 800.00 என்பதும் 650.00 என்பதும் ஆறு பைட்டுகள்தாம் என்பதால் அன்று தப்பித்தீர்கள். 1200.00 ஏழு பைட்டு. நீங்களோ விலையை மட்டும் மாற்றி, முன்னால் இருந்த ஆறை அப்படியே விட்டுவிட்டீர்கள். ஆறு பைட்டு படித்து முடித்த இடத்தில் மேற்கோள்குறி இருக்க வேண்டும் என்று பிஎச்பி எதிர்பார்க்கிறது. அங்கே ஒரு சுழியம் நிற்கவே, செஷன் முழுவதையும் கைவிட்டுவிடுகிறது.

பூவின் பெயரைக் கையால் திருத்தினால் இன்னும் மோசமாகும். மல்லி என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் புள்ளியையும் கொக்கியையும் தனித்தனியாக எண்ண வேண்டியிருப்பதால் ஐந்து குறிகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு என்பதால் கோப்பில் அதன் நீளம் 15. விரல் விட்டு எண்ணி இதைச் சரிசெய்ய முடியாது. தவிர, அன்றைக்குக் கனகாம்பரமும் அதே 800 ரூபாயாக இருந்திருந்தால் அதன் விலையையும் உங்கள் ஸ்கிரிப்ட் சேர்த்தே இறக்கியிருக்கும். உபுண்டுவில் செஷன் அடைவைப் பட்டியலிடவே ரூட் (சர்வரின் முழு அதிகார) அனுமதி வேண்டும். அது கேட்கப்பட்டபோதே சற்று நின்று யோசித்திருக்கலாம்.

பிறர் செஷனைத் திருத்தித்தான் ஆக வேண்டும் என்றால், அந்தச் செஷன் எண்ணை முதலில் அமைத்து, முறைப்படி செஷனைத் தொடங்கி, மதிப்பை மாற்றி, எழுதி மூடிவிட்டு அடுத்ததற்குச் செல்ல வேண்டும். நீளத்தைப் பிஎச்பியே கணக்கிட்டுக்கொள்ளும். இடையில் திரையில் எதையும் அச்சிட வேண்டாம்; உலாவிக்குத் தலைப்புகள் (பதிலின் முன்னால் செல்லும் விவரங்கள்) அனுப்பப்பட்ட பின் செஷன் எண்ணை மாற்றப் பிஎச்பி இடம் கொடுக்காது.

பதில் 2: திருமங்கலத்தான்

கோப்பை விட்டுவிட்டு, தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் ரெடிஸ் என்ற சேமிப்பகத்துக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காது என்பது என் கருத்து.

பதில் 3: மேலூர்ப் பழைய நிரலர்

ரெடிஸுக்கு மாறினாலும் நீளக் கணக்கு அப்படியே கூட வரும். அதோடு, பிஎச்பியின் ரெடிஸ் நீட்சியில் செஷன் பூட்டு (ஒரே செஷனை ஒரே நேரத்தில் இருவர் திருத்தாமல் தடுப்பது) இயல்பாக அணைந்தே இருப்பதால், கோப்பில் இலவசமாகக் கிடைத்த ஒரு காவலையும் இழப்பீர்கள்.

ஓரிருவருக்கு மட்டும் பழைய விலை நின்றதற்குக் காரணமும் அந்தப் பூட்டைச் சார்ந்ததுதான். ஒரு கோரிக்கை (உலாவி சர்வரிடம் ஒரு பக்கத்தைக் கேட்பது) தொடங்கும்போது பிஎச்பி கோப்பைப் பூட்டி, முழுவதையும் நினைவகத்துக்குள் படித்துக்கொள்கிறது. முடியும்போது நினைவகத்தில் இருப்பதைத் திரும்ப எழுதுகிறது. பூட்டைப் பொருட்படுத்தாமல் உங்கள் ஸ்கிரிப்ட் நடுவில் புகுந்து எழுதிய விலையின் மேல், அந்த வியாபாரியின் கோரிக்கை தன் கையில் இருந்த பழைய நகலை எழுதிவிட்டுப் போயிருக்கும். பிஎச்பி 7.0 முதல், கோரிக்கையின்போது செஷனில் எதுவும் மாறாவிட்டால் தரவைத் திரும்ப எழுதாமல் விடுவதே இயல்பு. ஆகவே அந்த நொடியில் கூடையில் கை வைத்திருந்தவர்கள் மட்டுமே அகப்பட்டார்கள். இப்படிப்பட்ட பிழை சோதனையில் சிக்காது, சந்தை நேரத்தில்தான் தலைகாட்டும்.

தம்பி, விலை உங்கள் கடைக்காரருடையது, வியாபாரியின் செஷனுக்கு உரியதன்று. செஷனில் பூவின் அடையாள எண்ணும் கிலோவும் போதும். விலைப்பட்டியலுக்கு ஒரு பட்டியல் எண் கொடுத்து, கடைக்காரர் விலையை மாற்றும்போதெல்லாம் தரவுத்தளத்தில் அதை ஒன்று கூட்டுங்கள். வியாபாரி கடைசியாகப் பார்த்த பட்டியல் எண் அவர் செஷனில் இருக்கட்டும். அவருடைய ஒவ்வொரு கோரிக்கையின் தொடக்கத்திலும் இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபட்டால் கூடையைப் புதிய விலையில் கணக்கிட்டு, எண்ணையும் புதுப்பித்துவிடுங்கள். ஒரு கோரிக்கைக்கு ஒரு சிறு வினவல்தான் கூடுதல் செலவு. அவரவர் செஷனை அவரவர் கோரிக்கையே, பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு திருத்துவதால், பிறர் கோப்பைத் தொட வேண்டிய தேவையே எழாது.

பதில் 4: மாட்டுத்தாவணி நிரலர்

மிக்க நன்றி அண்ணே. கோப்பைத் திறந்து பார்த்தேன். 6 என்ற நீளத்துக்குப் பக்கத்தில் 1200.00 இருந்ததைக் கண்டதும் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. பட்டியல் எண் முறைக்கு மாற்றிவிட்டேன். ஆனால் ஒரு சங்கடம் மிஞ்சுகிறது. 900 ரூபாய் என்று பார்த்து 20 கிலோவைக் கூடையில் போட்டவர், ஆர்டரை உறுதிசெய்யும் பொத்தானை அழுத்தும் நேரத்தில் விலை 1,200 ஆகியிருந்தால், அவர் அறியாமலேயே 6,000 ரூபாய் கூடிவிடாதா?

பதில் 5: மேலூர்ப் பழைய நிரலர்

கூடிவிடும், அப்படி ஆக விடக்கூடாது. அவருக்குக் காட்டிய விலையையும் செஷனில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பில் போடுவதற்காக அன்று, ஒப்பிடுவதற்காக மட்டும். பொத்தானை அழுத்தியதும் ஒரே தரவுத்தளப் பரிவர்த்தனைக்குள் (முழுவதும் நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காது) அந்த விலை உள்ள வரிசையைப் பூட்டிப் படியுங்கள். காட்டிய விலையும் அதுவும் ஒன்றானால் ஆர்டரைப் பதியுங்கள். வேறானால் பதியாமல், பழைய விலையையும் புதிய விலையையும் அருகருகே காட்டிச் சம்மதம் கேளுங்கள். விலை இறங்கியிருந்தாலும் கேளுங்கள். இன்னும் இறங்கட்டும் என்று காத்திருப்பது அவர் விருப்பம். ஆர்டர் பதிவான பின் அந்த விலை ஆர்டர் வரிசையிலேயே நிலைத்துவிட வேண்டும். அதன்பிறகு பட்டியல் எத்தனை முறை மாறினாலும் அந்தப் பில்லைத் தொடக்கூடாது.

பதில் 6: மாட்டுத்தாவணி நிரலர்

அவ்வாறே செய்துவிட்டேன். பழைய ஸ்கிரிப்ட்டைச் சர்வரிலிருந்து நீக்கி, அதற்குக் கொடுத்திருந்த ரூட் அனுமதியையும் எடுத்துவிட்டேன்.