ஸ்டூடியோவில் என் சுருதி இறங்கிய கதை

மேடையில் பத்து வருடமாகப் பாடுகிறேன். சுருதி விலகுகிறது என்று ஒருவரும் சொன்னதில்லை. அந்தத் தெம்பில்தான் முதல் பாட்டு ரெக்கார்டிங்குக்குப் போனேன். பல்லவியின் இரண்டாவது வரி மேலே ஏறும், அந்த இடத்தில் மட்டும் குரல் ஒரு மயிரிழை கீழே நிற்கிறது. ஒரு டேக், இரண்டு டேக், ஒன்பது டேக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ப்ரொட்யூசர் (இவர் பணம் போடுபவர் இல்லை, பாட்டு எப்படி ஒலிக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் என்று வீட்டில் விளக்கி மாளவில்லை) ஒன்றும் சொல்லாமல் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

இன்ஜினியர் எழுந்து உள்ளே வந்தார். தண்ணீர் குடி, மூச்சை இழுத்து விடு என்று ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், என் தலையிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றித் தன் காதில் வைத்துக்கொண்டு, ட்ராக்கை ஓடவிடச் சொல்லி, பத்து விநாடி கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். “இதைக் கேட்டுக்கிட்டு யாராலயும் சுருதியா பாட முடியாது தம்பி.”

தப்பு என்னுடையதுதான். காலையிலிருந்து மூன்று முறை “ட்ராக்கை இன்னும் கொஞ்சம் ஏத்துங்க” என்று கேட்டு வாங்கியிருந்தேன். சத்தம் அளவுக்கு மீறினால் காதுக்குச் சுருதி சரியாகப் பிடிபடாது, போதாக்குறைக்கு என் குரலே எனக்குக் கேட்காமல் நான் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் மொத்த சத்தத்தையும் குறைத்தார். பேஸையும், பின்னால் மேகம் மாதிரி விரிந்து கிடந்த பேட் என்ற நீள ஒலியையும் எடுத்துவிட்டு வெறும் பியானோவை முன்னால் கொண்டுவந்தார். அப்புறம் வலது காதைப் பாதி திறந்து வைத்துப் பாடச் சொன்னார். இதைப் பலர் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். எனக்குத் தெரியாமல் இருந்தது அடுத்த வேலை: திறந்து வைத்த அந்தப் பக்கத்துக்குப் போகும் ஒலியை அடியோடு நிறுத்திவிட்டார். இல்லையென்றால் அதிலிருந்து கசிவதெல்லாம் நேராக மைக்கில் ஏறிவிடும்.

பத்தாவது டேக் ஒரே மூச்சில் போனது. குரலில் எந்தக் கோளாறும் இல்லை, ஆனால் ஒன்பது டேக்கும் என் தொண்டையை நானே சபித்துக்கொண்டிருந்தேன்.

மைக் விஷயத்திலும் மேடைப் பழக்கம்தான் காலை வாரியது. உதட்டை மைக்கில் ஒட்டிப் பாடியே பழகிவிட்டேன். அங்கே இருந்தது மெல்லிய ஒலியையும் பிடிக்கும் கண்டென்சர் வகை மைக், கிட்டே போகப் போக அடித்தொனி வீங்கிக்கொண்டே வரும். “தள்ளி நில்லுங்க” என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வாய்க் காற்றைத் தடுக்கும் வலையான பாப் ஃபில்டரை மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பொருத்திவிட்டுப் போய்விட்டார், அவ்வளவுதான், அதற்கு மேல் நான் எப்படி நெருங்குவது. சரணத்தில் ‘ப’ வரும் இடமெல்லாம் வெடித்தது. வாய்க்கு எதிரே உள்ளங்கையை வைத்து “பம்பரம்” என்று சொல்லிப் பாருங்கள், காற்று நேராக வந்து அடிக்கும். மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வைத்ததும் அந்தக் காற்று மைக்கைத் தாண்டிப் போய்விட்டது.

இதற்கெல்லாம் ஏன் மெனக்கெட வேண்டும், ஆட்டோ-ட்யூனில் போட்டுச் சுருதியை நிமிர்த்திவிட மாட்டார்களா என்று ப்ரொட்யூசரிடமே கேட்டேன். 1997-இல் வந்த அந்த மென்பொருளைச் செய்தவர் எண்ணெய் தேடும் துறையில் நில அதிர்வுத் தரவுகளை அலசிக்கொண்டிருந்தவர் என்று ஆரம்பித்து ஒரு கதையே சொன்னார். விஷயம் இதுதான்: ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே குரல் வழுக்கிப் போவதெல்லாம் அதற்குப் பிழையாகத் தெரியும், முறுக்கி வைத்தால் கமகத்தை இஸ்திரி போட்டுவிடும். என் பாட்டில் முக்கால்வாசி கமகம்தான்.

டேக்குகளை வெட்டி ஒட்டும்போது மட்டும் அவரோடு சண்டை. சரணத்தின் கடைசி வரிக்குக் குரல் லேசாக உடைந்த நான்காவது டேக்கை எடுத்தார், சுத்தமாக வந்த பன்னிரண்டாவது டேக் கையில் இருக்கும்போதே. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அசையவில்லை. எனக்கு இன்றுவரை சம்மதமில்லை.

*

அண்ணா, ஒன்பது டேக்குக்கே இப்படியா! நான் ஸ்டூடியோவில் வாயே திறக்காமல் மானம் போனவள். வீட்டிலேயே பாடி ஃபைலை எடுத்துக்கொண்டு போனேன். ப்ளே செய்ததும் ப்ரொட்யூசர், “பாடும்போது உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். எனக்கே அது என் குரலாகத் தெரியவில்லை. கனத்து, இழுத்து, சளி பிடித்தவள் மாதிரி. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த இன்ஜினியர் திரும்பாமலே கேட்டார்: “நாப்பத்தெட்டுல எடுத்தீங்களாம்மா?”

ஆமாம், நான் பதிவு செய்தது 48,000-இல் (ஒரு விநாடி ஒலியை இத்தனை துண்டாக அளந்து பதிவது). அவர்கள் செஷன் 44,100-இல் ஓடியது. உள்ளே கொண்டுவரும்போது மாற்றிக்கொள்ளும் டிக்கை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள், அதனால் பாட்டு எட்டு சதவீதம் மெதுவாகி, சுருதி கிட்டத்தட்ட ஒன்றரை அரைஸ்வரம் இறங்கியிருந்தது. இரண்டு க்ளிக்கில் சரியாகிவிட்டது.

அதே மூச்சில் இன்னொன்றும் கேட்டேன்: வீட்டில் பாடும்போது என் குரல் எனக்கே ஒரு படி பின்னால் கேட்கிறது, தாளம் தவறுகிறது. பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து வைத்து அனுப்பும் ஒலித் துண்டுகள்) எவ்வளவு என்றார். 1024. 48,000-இல் அது ஒரு வழிக்கே 21 மில்லிசெகண்ட், போய் வருவதற்குள் குரல் எதிரொலி மாதிரி ஆகிவிடும், பாடும்போது 128-க்கு இறக்கிவிட்டு மிக்ஸ் செய்யும்போது ஏற்றிக்கொள்ளுங்கள் என்றார். இரண்டு மாதமாகத் தாளம் போடத் தெரியாதவள் என்று நினைத்து மெட்ரோனோம் வைத்துச் சாதகம் செய்துகொண்டிருந்தேன்!

*

உங்கள் இருவருக்கும் நல்ல ஆள் வாய்த்திருக்கிறார். எனக்கு வாய்க்கவில்லை, அதையும் எழுதி வைக்கிறேன். நான் கிட்டார். பாட்டு இல்லை, தனி கிட்டார் மட்டும். கடைசி கார்டை மீட்டிவிட்டு அது தானாக அடங்கும்வரை விட வேண்டும், அந்த உருப்படியின் உயிரே அங்கேதான். பின்பக்கம் திறந்த வகை ஹெட்ஃபோனைக் கொடுத்தார்கள், அதில் தாளம் காட்டும் க்ளிக் சத்தமோ மண்டையைப் பிளந்தது. மைக்கில் ஏறாதா சார் என்று கேட்டதற்கு, “மிக்ஸ்ல பார்த்துக்கலாம்.” புதிதாகப் போகிறவர்கள் இந்த இரண்டு வார்த்தையைக் கேட்டால் கிட்டாரைக் கீழே வைத்துவிடுங்கள்.

மிக்ஸ் செய்தவர் வேறு ஒருவர். கிட்டாரை மட்டும் தனியாக ஓடவிட்டார். வாசிப்பு ஓடும்வரை ஒன்றும் தெரியவில்லை. கார்டு மங்க மங்க, அடியிலிருந்து டிக்... டிக்... டிக். எடுக்க முயன்றால் கம்பியின் ஓசையும் சேர்ந்து போகிறது. கடைசியில் நான்கு விநாடி முன்னதாகவே ஃபேட் செய்து முடித்தோம். மறுபடி வாசிக்கப் பணமும் இல்லை, மனசும் இல்லை.

அவர்தான் சொன்னார், இப்படி அடங்கி முடிகிற உருப்படி என்றால் கடைசி நாலைந்து பாரில் க்ளிக்கைப் படிப்படியாகக் குறைத்து, கடைசி கார்டுக்கு முன்னால் சுத்தமாக நிறுத்திவிட வேண்டும், அதற்கு இன்ஜினியர் பாட்டு எங்கே முடிகிறது என்று கொஞ்சம் முன்னதாகவே கேட்டு வைத்திருக்க வேண்டும் என்று.

*

முதல் பதிவு எழுதியவன்தான். நீங்கள் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எங்கள் பாட்டும் வெறும் குரலோடு அடங்கித்தான் முடியும். பதினோராவது டேக்கில் கடைசி வரி வரும்போது க்ளிக் மெல்ல மெல்ல ஒழிந்துபோயிற்று. அப்போது எனக்கு என்ன தெரியும், ஹெட்ஃபோன் போய்விட்டது என்று நினைத்துக் கையை ஆட்டி டேக்கை நிறுத்திவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.