சர்வீஸ் சென்டர் நீட்டிய எஸ்டிமேட்: எதைச் செய்தீர்கள், எதை வேண்டாம் என்றீர்கள்?

(கார் வைத்திருப்பவர்கள் எழுதிய பதில்கள். ஒவ்வொன்றின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

பாதி டேங்க்

ஆயில் மாற்றத்தான் வண்டியை விட்டேன். மதியம் சர்வீஸ் சென்டர் அட்வைசரிடமிருந்து போன். "சார், ஸ்டீயரிங் ரேக் போயிடுச்சு. முழு அசெம்பிளியும் மாத்தணும். இப்படியே ஓட்டுறது ரொம்ப ரிஸ்க்." ரேக் என்பது ஸ்டீயரிங்கைத் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம். முன்பக்கம் லொடலொட சத்தம் இருந்தது உண்மைதான். ஆனால் எஸ்டிமேட்டில் இருந்த தொகைக்கு வண்டியையே விற்றுவிடலாம் போலிருந்தது.

நேரில் போய், லிஃப்டில் ஏற்றிக் காட்டச் சொன்னேன். மெக்கானிக் சின்னப் பையன். இடது முன்சக்கரத்தைப் பக்கவாட்டில் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினான். டக், டக். "தம்பி, இது ரேக்கா, டை ராட் எண்டா?" என்று கேட்டேன். டை ராட் எண்ட் என்பது ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் நுனியில் இருக்கும் சின்ன மூட்டு. அவன் என்னைப் பார்க்கவில்லை, அட்வைசரின் முகத்தைப் பார்த்தான். அட்வைசர் கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தார். யாரும் பதில் சொல்லவில்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வேறு இடத்தில் டை ராட் எண்டை மட்டும் மாற்றி வீல் அலைன்மென்ட் செய்ததோடு சத்தம் போய்விட்டது. பணம் மிச்சமானதில் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பையனுக்குப் பதில் தெரிந்திருந்தது, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மழையில் ஓட்டுபவள்

எனக்கு பிரேக் பேட். "80 சதவீதம் தேஞ்சிடுச்சு மேடம்." எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது என்று கேட்டேன். "அதெல்லாம் பார்த்தாலே தெரியும் மேடம்." சரி, அளந்தே பார்ப்போம் என்றேன். கேஜைத் தேடி எடுக்கவே நேரம் பிடித்தது. மிச்சம் 7 மில்லி! பெரும்பாலான கார்களுக்கு முன்பக்கப் புது பேடே 10, 12 மில்லிதான் இருக்கும். 3 மில்லிக்கு வரும்போதுதான் மாற்றச் சொல்வார்கள்.

அட்வைசர் அந்த வரியைப் பேனாவால் அடித்தார். தலையை நிமிர்த்தாமலே, "அப்போ ஏசி கிளீனிங் போட்டுடவா மேடம்?" என்றார். எனக்குக் கோபம் வர வேண்டும், சிரிப்புத்தான் வந்தது.

நீளப் பயணம்

ரெண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் இதைப் படிப்பவர்கள் 'எல்லாமே ஏமாற்று வேலை' என்று கிளம்பிவிடக் கூடாது, அதற்காக எழுதுகிறேன்.

என் சகலையிடம் டைமிங் பெல்ட்டை (இன்ஜினில் பிஸ்டனும் வால்வும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் பெல்ட்) மாற்றச் சொன்னார்கள். கிலோமீட்டர் கணக்கும் தாண்டியிருந்தது. இவர் கவரைக் கழற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "பெல்ட் நல்லாத்தானே இருக்கு, வெடிப்புகூட இல்ல" என்று கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டார். பெல்ட் பெரும்பாலும் முன்னறிவிப்பு கொடுக்காது. நடுவழியில் இன்ஜின் பட்டென்று நின்றது. அந்த வகை இன்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வை இடிக்கும். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றிய மெக்கானிக் வால்வுகளை செய்தித்தாள் மேல் வரிசையாக அடுக்கி வைத்தார். ஒன்றை எடுத்துத் தரையில் உருட்டிவிட்டார். அது நேராக ஓடாமல் நொண்டிக்கொண்டே போய் என் செருப்பில் இடித்தது. சகலை வாயே திறக்கவில்லை.

அப்புறம், பாதி டேங்க் தம்பிக்கு ஒன்று. டை ராட் எண்டை மாற்றியதும் சத்தம் நின்றதை வைத்து ரேக் நல்லது என்று சொல்லிவிட முடியாது. உள்ளே புஷ் (ஆடாமல் தாங்கும் வளையம்) தேய்ந்திருந்தால் கொஞ்ச நாளில் திரும்ப வரும். ரேக்கின் நுனியை மூடியிருக்கும் ரப்பர் உறையை விலக்கிப் பார்த்தீர்களா?

பாதி டேங்க்

பார்த்தாச்சு அண்ணே. கசிவு இல்லை, உள்ளே ஆட்டமும் இல்லை. இந்த விளக்கத்தை அவர்களே லிஃப்ட் அடியில் நின்று சொல்லியிருந்தால் நான் இங்கே புலம்பியிருக்கவே மாட்டேன்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம்

நான் சில காலம் அட்வைசராக இருந்தவன். என் கதை சின்னது. ஷாக் அப்சார்பரில் லேசாக எண்ணெய் படிந்து தூசி ஒட்டியிருந்த வண்டி ஒன்று வந்தது. அப்படி மெல்லிசாகப் படிவது சாதாரணம். ஈரமாக வழிந்து இறங்கினால்தான் சீல் போய்விட்டது என்று அர்த்தம். மேலே இருந்தவர் "லீக்னு எழுது" என்றார். எழுதினேன். வந்த பெரியவர் மறுபேச்சு பேசாமல் நாலு ஷாக்கையும் மாற்றச் சொல்லிவிட்டு, "நீங்க பார்த்துச் சொன்னா சரிதான் தம்பி" என்றார். நாங்கள் வேலை பார்த்த இடத்தில் இப்படிக் கூடுதல் வேலைக்கு மாதா மாதம் டார்கெட் உண்டு.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எஸ்டிமேட்டில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அளந்து சொன்னதா, கிலோமீட்டரோ வருஷமோ ஆனதால் சொன்னதா, சும்மா சேர்த்ததா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அளந்தது என்றால் எண் இருக்கும்: பேடுக்கு மில்லிமீட்டர், டயருக்கு மிச்சமிருக்கும் பள்ளம் (1.6 மில்லி என்பது பல நாடுகளில் சட்டப்படி கடைசி எல்லை, மழைக்கு அதற்கு முன்பே மாற்றுவது நல்லது), பேட்டரிக்கு லோடு டெஸ்ட். டிஸ்க்கை மாற்றச் சொன்னால், அதன் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், அதோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

காலக்கணக்கில் சொன்னால் கிளவ் பாக்ஸில் கிடக்கும் மேனுவலைத் திறங்கள். பிரேக் ஃப்ளூயிட் விஷயத்தில் மட்டும் பிடிவாதம் வேண்டாம். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடும். நீளமான இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது உள்ளே ஆவிக் குமிழ் வந்துவிட்டால் பெடல் தரைவரை போகும். 2 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்று பல கம்பெனிகள் சொல்வது இதனால்தான். பார்க்கச் சுத்தமாக இருக்கிறது என்று விட்டுவிட வேண்டாம்.

மூன்றாவது வகைதான் எங்கள் டார்கெட். ஒழுங்காக ஆயில் மாற்றிய வண்டிக்கு இன்ஜின் ஃப்ளஷ், ஒரு கோளாறும் இல்லாமல் இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) கிளீனிங். டயரில் நைட்ரஜன் அடித்துக் காசு வாங்குவார்கள். நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

எதை மாற்றினாலும் பழைய பாகத்தை டிக்கியில் போட்டுத் தரவேண்டும் என்று வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் எழுதச் சொல்லிவிடுங்கள். முடிந்தபிறகு கேட்டால் "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார்" என்பதுதான் பதில்.

மழையில் ஓட்டுபவள்

த்ராட்டில் பாடியை அந்த லிஸ்டில் சேர்த்ததை ஒத்துக்கொள்ள மாட்டேன். என் வண்டி சிக்னலில் நிற்கும்போது ஐடிலிங் ஏறி ஏறி இறங்கும், சில சமயம் அணைந்தே போகும். கிளீன் செய்த அன்றே சரியானது.

கவுண்டருக்கு அந்தப் பக்கம்

உங்களுக்குக் கோளாறு இருந்தது மேடம், அதனால் செய்தீர்கள். நான் சொன்னது கோளாறே இல்லாத வண்டிக்கு.

மஞ்சள் விளக்கு

செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் பி0420 என்ற கோளாறு எண். "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போச்சு" என்று உடனே தீர்ப்பு. புகையைச் சுத்தப்படுத்தும் பாகம் அது, காரில் விலை அதிகமான பாகங்களில் ஒன்று. நான் கேட்டது ஒன்றே ஒன்று: "சைலன்சர் லைனில் லீக் பார்த்தீங்களா?" "கம்ப்யூட்டரே சொல்லுது சார்" என்று ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினார். கன்வெர்ட்டரின் திறன் குறைவாகத் தெரிகிறது என்பது மட்டும்தான் அந்த எண்ணின் அர்த்தம். பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் கெட்டிருந்தாலும், வழியில் எங்காவது காற்று கசிந்தாலும் அதே எண் வரலாம். எனக்கு, ஒரு ஜாயிண்டில் இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட் எரிந்து கரிக்கோடு விழுந்திருந்தது. வெளியே ஒரு வெல்டிங்காரர்தான் காட்டினார். கேஸ்கெட்டை மாற்றி, ஸ்கேனரில் அந்த எண்ணை அழித்தோம், இதுவரை விளக்கு எரியவில்லை. ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டிய அந்தத் தோரணையை மட்டும் மறக்க முடியவில்லை.

புது லைசென்ஸ்

எனக்கு நாளைக்குள் பதில் சொல்லணும். சக்கரத்தைக் கீழே வண்டியோட பிணைக்கிற லோயர் ஆர்ம் இரண்டையும் முழுசா மாத்தணும்னு சொல்றாங்க, புஷ்ல வெடிப்பாம். போட்டோவும் அனுப்பியிருக்காங்க. மாத்தலாமா?

நீளப் பயணம்

போட்டோவை வைத்துச் சொல்ல முடியாது தம்பி. ரப்பரின் மேல்தோலில் மெல்லிய வெடிப்பு வயசானால் வருவதுதான். நேரில் போய், கம்பியால் நெம்பிக் காட்டச் சொல்லுங்கள். ரப்பர் கிழிந்து உலோகத்தை விட்டுப் பிரிந்தாலோ, ஆர்மின் நுனியில் சக்கரப் பக்கத்தைப் பிடித்திருக்கும் பால் ஜாயிண்டில் ஆட்டம் இருந்தாலோ, தள்ளிப்போடாதீர்கள். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரமே மடங்கிவிடும். புஷ் மட்டும்தான் போயிருந்தால், உங்கள் மாடலுக்கு அது தனியாகக் கிடைக்குமா, பிரஸ்ஸில் வைத்து மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். இரண்டு பக்கத்தையும் ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள், ஒரு பக்கம் நன்றாகவே இருக்கலாம்.