எக்ஸ்பியிலிருந்து வந்த திஸ்கி மடல்கள்: தண்டர்பேர்டில் படிக்க உதவி தேவை

வணக்கம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் விண்டோஸ் எக்ஸ்பி கணினியிலிருந்து அவுட்லுக் எக்ஸ்பிரஸ் மடல்களை விண்டோஸ் 11க்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். விஸ்டாவிலேயே அந்த மென்பொருளை நிறுத்திவிட்டார்கள், ஆகவே மடல்கள் மட்டும்தான் வரும்.

நகலெடுத்தது சுலபம். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், மெயின்டனன்ஸ், ஸ்டோர் ஃபோல்டர் என்று போனால் மறைந்திருக்கும் கோப்புறையின் இடம் தெரியும். முதலில் டிபிஎக்ஸ் கோப்புகளை (அவுட்லுக் எக்ஸ்பிரஸ் மடல்களைச் சேமிக்கும் கோப்புகள்) பென் டிரைவில் பத்திரப்படுத்தினேன். (இன்பாக்ஸ் 2 ஜிபியை நெருங்கினால் தாமதிக்காதீர்கள், கெட்டுப்போகும்.) பிறகு ஒவ்வொரு கோப்புறையிலும் கன்ட்ரோல்+ஏ அழுத்தி, மடல்களை வெளியே இழுத்துப் போட்டால், மடலுக்கு ஒன்றாக இஎம்எல் கோப்புகளாக விழுகின்றன. தண்டர்பேர்டு மடல் மென்பொருளில் இம்போர்ட்எக்ஸ்போர்ட்டூல்ஸ் என்ஜி என்ற நீட்சி அவற்றை ஏற்றுக்கொண்டது.

சிக்கல் இதுதான்: ஆங்கில மடல்கள் சரி. பழைய தமிழ் மடல்கள் எல்லாம் திஸ்கி (யூனிகோடு பரவுவதற்கு முன் புழங்கிய தமிழ்க் குறியாக்கம்) எழுத்துருவில் தட்டியவை. வெறும் ஐரோப்பியக் கிறுக்கலாகத் தெரிகின்றன. தலைப்பகுதியில் சார்செட் (குறியாக்கப் பெயர்) 'எக்ஸ்-யூசர்-டிஃபைன்ட்' என்றிருக்கிறது. லினக்ஸின் ஐகான்வ் கட்டளை திஸ்கியை யூனிகோடாக்கும், ஆனால் முழு இஎம்எல்லையும் அதில் போட்டால் பயனில்லை: கோட்டட் பிரின்டபிள் என்ற மடல் குறியாக்க முறையில் 'ெ', 'க' எல்லாம் சமக்குறியும் இரண்டு எழுத்துமாகக் கிடப்பதால் தொடாமல் விட்டுவிடுகிறது.

உடலை அவிழ்த்து, மாற்றி, சார்செட்டை யூடிஎஃப்-8 என்று திருத்தி, இணைப்புகளைத் தொடாமல் திரும்ப எழுதும் பைத்தான் நிரல் யாரிடமாவது இருக்கிறதா? சப்ஜெக்ட் வரியையும் கவனிக்க வேண்டும். சிலவற்றில் அது குறியாக்கமே இல்லாமல் பச்சையாக இருக்கிறது.