12 அடி பாய்ப்படகு: பிளைவுட், ரெசின், பாய் பற்றிச் சில சந்தேகங்கள்

காயல்கரை
கன்னியாகுமரி மாவட்டம் மணக்குடிக் காயலில் ஓட்ட, இரண்டு பேர் உட்காரும் 12 அடிப் பாய்ப்படகை வீட்டிலேயே கட்டப் போகிறேன். அடி தட்டை. 6 மி.மீ. பிளைவுட்டைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டில் ரெசினும் ஃபைபர் துணியும் போடும் முறை. ரப்பர் மர பிளைவுட் விலை குறைவு, அது போதுமா? வள்ளத்துக்கு அடிக்கும் சாதாரண ஃபைபர் ரெசின் சரிவருமா? எந்த மாதம் தொடங்கலாம்?

உளியும் ரம்பமும்
ரப்பர் மரம் வேண்டாம் அண்ணா. பூஞ்சையும் வண்டும் சீக்கிரம் பிடிக்கும். ஐ.எஸ். 710 (இந்தியத் தர எண்) முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டைக் கேளுங்கள். ஐ.எஸ். 303 வேறு ரகம், பொதுப் பயன்பாட்டுக்கானது. அதையும் 'வாட்டர்ப்ரூஃப்' என்றுதான் விற்பார்கள். முத்திரை இருந்தாலும் நாலு விளிம்பையும் பாருங்கள். உள்ளடுக்கில் சந்து தெரிந்தால் அந்தத் தாளை விட்டுவிடுங்கள். மேலே பெயின்ட் நன்றாக இருக்கும்போதே அந்தச் சந்து வழியாக உள்ளே அழுகும். ஒரு துண்டை வாங்கி வந்து நாலைந்து மணி நேரம் கொதிக்க வைத்து, காயப்போட்டு, மறுபடி கொதிக்க வைத்தால் பசையின் தரம் தெரிந்துவிடும்.

8 அடிக்கு 4 அடித் தாள் நாலு வேண்டும். நீளத்துக்கு ஒட்டுப் போட, கனத்தைப் போல 8 மடங்கு சரிவு: 6 மி.மீ. தாளுக்கு 48 மி.மீ. இழைக்கும்போது அடுக்குகள் நேர்கோடாகத் தெரிந்தால் சரிவு ஒரே சீராக இருக்கிறது. கோடு வளைந்தால் அங்கே பள்ளம்.

தையலுக்கு விளிம்பிலிருந்து 10 மி.மீ. தள்ளி 2 மி.மீ. துளை, 15 செ.மீ.க்கு ஒன்று. அணியத்தில் (படகின் முன்பக்கம்) பலகை முறுக்கும், அங்கே 7 செ.மீ. போதும். கம்பியை முறுக்கியதும் ரெசினைத் தொடாதீர்கள். அணிய முனையிலிருந்து பின்பலகையின் இரு மூலைக்கும் நூல் பிடித்து அளவுங்கள், இரண்டும் சமமாக வர வேண்டும். முன்னும் பின்னும் குறுக்கே ஒரு நேர்க்கட்டை வைத்து, ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கண்ணால் பாருங்கள். கட்டைகள் இணையாக இல்லாவிட்டால் படகு முறுக்கியிருக்கிறது. துணி ஒட்டிய பிறகு அந்த முறுக்கு போகவே போகாது.

கச்சான்
நம்ம கரையில் எல்லா ஃபைபர் வள்ளமும் பாலியஸ்டர் ரெசினில்தானே ஓடுது? மரப் படகுக்கு மட்டும் எப்பாக்சி ரெசின்தான் வேணும்னு சொல்றாங்களே, அதுக்கு ஏன் இவ்வளவு செலவு?

பிசின்கை
அந்த வள்ளங்கள் அச்சில் வார்த்த முழு ஃபைபர். அங்கே ரெசின் மரத்தைப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. மரத்தின்மேல் பாலியஸ்டர் சரியாகப் பிடிக்காது. மரம் ஈரத்தில் ஊதிச் சுருங்க, துணியோடு தோலாக உரிந்து வரும். உரிந்த இடத்தில் தண்ணீர் நிற்கும். ஆகவே எப்பாக்சிதான், அதை இறுக வைக்கும் கடினப்படுத்தியோடு (ஹார்டனர்) சேர்த்து 8 முதல் 10 கிலோ. மூட்டுக்கு 75 மி.மீ. ஃபைபர் டேப், உள்ளும் வெளியும்.

பாலியஸ்டரில் வேலை செய்தவர்கள் இங்கே தவறுவது ஒரே இடத்தில்: சீக்கிரம் இறுகட்டும் என்று கடினப்படுத்தியைக் கூட்டுவார்கள். எப்பாக்சியில் விகிதம் மாறினால் பிசுபிசுவென்றே கிடக்கும், சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்தைத் தராசில் நிறுத்தே கலக்குங்கள், ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல் வேண்டாம். கலந்ததைக் குவளையிலேயே வைத்திருந்தால் சூடேறிப் புகைந்து கட்டியாகும். அகலத் தட்டில் ஊற்றுங்கள். மூட்டை நிரப்ப, சலித்த மரத்தூளைச் சேர்த்து, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதத்துக்குக் கொண்டுவாருங்கள்.

காலை வெயிலில் பூசினால் மரத்துக்குள் இருக்கும் காற்று சூட்டில் விரிந்து, பூச்சு முழுக்கக் குமிழி வரும். பிற்பகலில், சூடு இறங்கும்போது பூசுங்கள். இறுகியதும் மேலே மெழுகு போல ஒரு படலம் இருக்கும். தண்ணீரில் தேய்த்துக் கழுவி, அப்புறம்தான் உப்புத்தாள். கழுவாமல் தேய்த்தால் அடுத்த பூச்சு ஒட்டாது. நம் மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு என்பதால் ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். கடைசியில் பெயின்ட் கட்டாயம். எப்பாக்சி வெயில் தாங்காது.

உளியும் ரம்பமும்
ஒன்று சேர்க்கிறேன். படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க நடுவில் தண்ணீருக்குள் இறக்கும் பலகையின் கூடு, அடிப்பலகையோடு சேரும் இடம்தான் எப்போதும் ஒழுகும். கூட்டை மூடுவதற்கு முன்பே அதன் உட்புறத்துக்கு மூன்று பூச்சு கொடுத்துவிடுங்கள், பிறகு பிரஷ் போகாது. 18 மி.மீ. பலகைக்குக் கூட்டின் இடைவெளி 22 இருக்கட்டும். மணல் சிக்கினாலும் பலகை இறங்கும்.

காயல்கரை
மிக்க நன்றி. பாய் எவ்வளவு பெரிதாக வேண்டும்? நீல தார்ப்பாய் போதுமா?

கச்சான்
6 முதல் 7 சதுர மீட்டர் போதும். பாயின் நடு, இறக்குப் பலகைக்கு நேராகவோ சற்றுப் பின்னாலோ வரட்டும். அப்போ சுக்கானை விட்டால் படகு தானாகக் காற்றுப் பக்கம் திரும்பி நிற்கும். பாய் முன்னால் போனால் காற்றை விட்டு ஓடும், அது ஆபத்து. தாமான் கயிற்றை (பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு) கட்டிப் போடாதீங்க, கையிலேயே இருக்கணும். தார்ப்பாய் அளவு பார்க்க மட்டும். இழுபட்டு வயிறு விழும், வெயிலில் உதிரும். காயலுக்குக் குறுக்கே பாலம் இருக்கிறதால பாய்மரம் சுலபமாகக் கழற்றுவது மாதிரி செய்யுங்க. முன்னும் பின்னும் காற்றறை அடைத்து, இடுப்பளவு தண்ணீரில் லைஃப் ஜாக்கெட்டோடு படகைக் கவிழ்த்து நிமிர்த்திப் பழகுங்க. காயல் கடலில் சேரும் பொழிமுகம் பக்கம் அதுவரை போகவே வேண்டாம். மணல்திட்டில் அலை உடையும், இழுப்பும் இருக்கும்.