ஆங்கில ஆசிரியராகப் போகிறவருக்கு அம்மொழியின் வரலாறு எதற்கு?

தென்மராட்சி மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கல்வியியற் கல்லூரியொன்றில் ஆங்கிலப் பாடநெறியைப் பயிலும் இரண்டாம் ஆண்டு ஆசிரிய மாணவி. ஆங்கில மொழியின் வரலாறும் எங்களுக்கு ஒரு பாடப்பகுதியாக இருக்கிறது. ஆங்கிலரும் சாக்சனியரும் பிரித்தானியத் தீவுக்கு வந்ததாகச் சொல்லப்படும் 449இல் தொடங்கி, 1066இல் நோர்மானியர் படையெடுப்பு, 1476இல் கக்ஸ்ரனின் அச்சகம், 1755இல் ஜோன்சனின் அகராதி என்று ஆண்டுகளை வரிசையாக எழுதி மனனம் செய்கிறோம். பரீட்சைக்கு இது போதும் என்று உடன் படிப்பவர்கள் சொல்கிறார்கள். ஆனால் நாளை தரம் ஆறு பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கும்போது இவற்றில் எது எனக்குக் கைகொடுக்கும் என்பது விளங்கவில்லை.

கற்பித்தற் பயிற்சிக்குச் சென்ற இடத்தில் ஒரு மாணவன், 'வை' எனப் பொருள்படும் 'புற்' என்ற சொல்லிலும், 'ஆனால்' எனப் பொருள்படும் 'பற்' என்ற சொல்லிலும் நடுவில் இருப்பது ஒரே 'யூ' எழுத்துத்தானே, பிறகு ஏன் இரண்டு விதமாக வாசிக்கிறோம் என்று கேட்டான். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது இப்படிக் கேட்டால் "ஆங்கிலம் அப்படித்தான்" என்பதே விடையாகக் கிடைத்தது. அதையே இன்னொரு தலைமுறைக்கும் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இவ்வரலாற்றில் எந்தப் பகுதியை ஆழமாகப் படிக்க வேண்டும், எதை மேலோட்டமாகப் பார்த்தால் போதும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓய்வுநிலை ஆசிரியர், வலிகாமம் எழுதியது:

பிள்ளை, அந்த மாணவனின் கேள்வியிலிருந்தே தொடங்குவோம். அவ்விரு சொற்களும் ஒரு காலத்தில் ஒரே உயிரொலியோடுதான், ஏறத்தாழ நமது குறில் உகரத்தோடுதான், ஒலித்தன. பதினேழாம் நூற்றாண்டளவில் இங்கிலாந்தின் தென்பகுதியில் அந்த உகரம் பெரும்பாலான சொற்களில் இதழ் குவியாத, அகரத்தை ஒத்த ஒலியாகத் திரிந்தது. இதழொலிகளின் பக்கத்தில் வந்த 'புற்', 'புல்', 'ஃபுல்', 'புஷ்' முதலிய சில சொற்களில் மட்டும் பழைய உகரம் தங்கிவிட்டது. இதை விதி என்று சொல்ல முடியாது. 'பற்' என்பதும் இதழொலியோடுதானே தொடங்குகிறது. வட இங்கிலாந்தில் இத்திரிபு நிகழவேயில்லை. அங்கே பலர் இன்றும் இரண்டு சொற்களையும் ஒரே உகரத்தோடு பேசுகிறார்கள். வகுப்பில் இவ்வளவும் சொல்லத் தேவையில்லை. "முன்பு இரண்டும் ஒன்றுபோல ஒலித்தன, பேச்சு மாறியது, எழுத்து மாறவில்லை" என்றால் பதினொரு வயதுப் பிள்ளைக்கும் விளங்கிவிடும். 'இருக்கிறது' என்று எழுதிவிட்டு 'இருக்கு' என்று பேசுவதை அந்தப் பிள்ளை நாள்தோறும் செய்துகொண்டுதானே இருக்கிறது?

நீங்கள் தங்கி நின்று படிக்க வேண்டிய இடம், ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை நடந்த நெட்டுயிர்ப் பெருந்திரிபு. அதற்கு முன் 'நேம்' என்ற சொல் 'நாமெ' என்றும், 'நேரம்' எனப் பொருள்படும் 'ரைம்' என்பது 'ரீமெ' என்றும், 'ஹவுஸ்' என்பது 'ஹூஸ்' என்றும், 'மூன்' என்பது 'மோன்' என்றும் ஒலித்தன. அதாவது, ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் உயிரெழுத்துகளை இலத்தீன் மொழியில் உள்ளபடி ஆ, ஏ, ஈ என்றே வாசித்தார்கள். பிறகு நாக்கு ஒவ்வொரு நெட்டுயிரையும் ஒரு படி மேலே தூக்கியது. ஏற்கெனவே உச்சியில் இருந்த ஈகாரமும் ஊகாரமும் மேலே போக இடமின்றி 'ஐ', 'அவு' என உடைந்தன. ஆங்கில நெடுங்கணக்கின் முதல் உயிரெழுத்துக்கு 'ஏ' என்றும் அடுத்ததற்கு 'ஈ' என்றும் அதற்கடுத்ததற்கு 'ஐ' என்றும் பெயர் வந்தது இந்தத் திரிபினால்தான். தமிழ்ப் பிள்ளைகளை முதல் நாளிலிருந்தே குழப்புகிற விடயம் இது. அதன் காரணம் தெரிந்த ஆசிரியர்கள் மிகக் குறைவு.

கக்ஸ்ரன் வெஸ்ற்மின்ஸ்ரரில் அச்சகம் அமைத்தது இத்திரிபின் நடுவில். அச்சு எழுத்துக்கூட்டலைக் கொஞ்சங்கொஞ்சமாக நிலைநிறுத்தியது. ஒலிகளோ தம் போக்கில் நகர்ந்துகொண்டிருந்தன. ஆகவே 1476 என்ற ஆண்டைத் தனியாக மனனம் செய்வதில் பயனில்லை. ஒலித்திரிபோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் பொருள் தெரியும். போர்வீரனைக் குறிக்கும் 'நைற்' என்ற சொல்லின் முதலில் நிற்கும் 'கே'யும் நடுவில் நிற்கும் 'ஜி', 'எச்' எழுத்துகளும் முன்பு உண்மையாகவே ஒலித்தவை. ஆனால் ஒலிக்காத எழுத்தெல்லாம் முன்பு ஒலித்தது என்று பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். கடனைக் குறிக்கும் 'டெற்' என்ற சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து 'பீ' இல்லாமல்தான் வந்தது. இலத்தீன் மூலத்தைக் காட்ட வேண்டும் என்று படித்தவர்கள் பிற்காலத்தில் அவ்வெழுத்தைச் செருகினார்கள். அந்தப் புலமைச் செருக்கின் சுமையை இன்றும் நம் பிள்ளைகள் சொல்வதெழுதலில் சுமக்கிறார்கள்.

அடுத்தது வினைச்சொற்கள். 'சிங், சாங், சங்', 'டிரிங்க், டிராங்க், டிரங்க்', 'சுவிம், சுவாம், சுவம்' என்பவற்றை 'விதிக்கு உட்படாதவை' என்ற பட்டியலில் அகர வரிசையில் அடுக்கிக் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. உண்மையில் அவை உயிர் மாற்றத்தால் காலம் காட்டிய பழைய ஜேர்மானிய முறையின் எச்சங்கள். குடும்பம் குடும்பமாகப் பிரித்துக் கொடுத்தால் மனனச் சுமை பாதியாகக் குறையும் என்பது என் அனுபவம்.

நோர்மானியர் பகுதியில் பன்றிக்கும் பன்றி இறைச்சிக்கும் வேறு வேறு சொற்கள் வந்த கதையைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். அது கேட்க அழகான கதை. ஆனால் இரண்டு வகைச் சொற்களும் நீண்ட காலம் கலந்தே வழங்கின. அதைவிட, வைக்கிங்குகளின் நோர்ஸ் மொழியிலிருந்து 'தேய்', 'தெம்', 'தெயர்' என்ற பிரதிப்பெயர்களையே ஆங்கிலம் கடன் வாங்கியது எவ்வளவு அரிதான செயல் என்பதை யோசித்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான வடசொற்களை ஏற்ற தமிழ், 'அவர்கள்' என்பதற்கு வேற்றுமொழிச் சொல் தேடியதில்லை.

வன்னியில் கற்பிப்பவர் எழுதியது:

ஐயா எழுதியவற்றில் எனக்கு மறுப்பில்லை. அவரிடம் படித்த பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். ஆயினும் தங்கச்சி, நீங்கள் போகப்போகும் வகுப்பறையையும் சற்று நினைத்துப் பாருங்கள். நாற்பது நிமிடப் பாடவேளையில் வரவு பதிந்து, கொப்பிகளைப் பார்த்து முடித்த பின் எஞ்சும் நேரத்தில், ஆங்கிலத்தில் ஒரு முழு வாக்கியம் பேசத் தயங்கும் பிள்ளைக்கு நெட்டுயிர்த் திரிபு உதவாது. என்னைக் கேட்டால், ஆங்கிலத்தின் வரலாற்றைவிடத் தமிழின் ஒலியமைப்பை ஆங்கில ஆசிரியர் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

மெய்யெழுத்துத் தனித்து மொழிக்கு முதலில் வராது என்று நம் இலக்கண நூல்கள் சொல்கின்றன. பிள்ளை 'இஸ்கூல்' என்று சொல்வதற்குக் காரணம் கவனக்குறைவன்று. அந்த விதி அதன் நாவில் இருக்கிறது. தமிழில் வல்லெழுத்து மொழி முதலில் வலிந்தும், மெல்லெழுத்தை அடுத்து மெலிந்தும் ஒலிக்கும்; 'தம்பி' என்ற சொல்லிலேயே இரண்டும் உண்டு. எனவே ஒலிப்பும் ஒலிப்பின்மையும் சொல்லின் பொருளையே மாற்றும் ஆங்கிலத்தில் பிள்ளை தடுமாறுவது இயல்பு. 'எஃப்' ஒலியை நாம் 'கோப்பி' என்று பகரமாக்கிக் குடித்தே பழகிவிட்டோம். மறுபுறம், யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'காற்று', 'சேற்று' என்பவற்றிலுள்ள இரட்டை றகரம் நுனிநா அண்பல்லில் ஒற்றும் ஒலியாக இன்னும் வாழ்கிறது. ஆங்கிலத்தின் 'ரி' எழுத்தொலிக்கு அது மிக நெருக்கமானது. தமிழகத்தில் டகரத்தால் எழுதுவதை நாம் றகரத்தால் எழுதுவதற்கும் அதுவே காரணம். இந்த வசதியை எத்தனை ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்துகிறார்கள்?

உயர்தர மாணவர்களுக்கு என்றால் சொற்களஞ்சிய வரலாறு பயன்படும் என்பதை ஏற்கிறேன். 'ஆஸ்க்' என்ற பழைய ஆங்கிலச் சொல், 'குவெஸ்ற்சன்' என்ற பிரெஞ்சுவழிச் சொல், 'இன்ரெரொகேற்' என்ற இலத்தீன்வழிச் சொல் ஆகிய மூன்றையும் எங்கே எதை எழுதுவது என்று காட்ட, தொல்காப்பியர் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் எனப் பிரித்ததை நினைவூட்டினால் போதும். தமிழ்ப் பாடத்தில் படித்தது ஆங்கில வகுப்பிலும் உதவுவதைக் கண்டு பிள்ளைகள் வியக்கிறார்கள்.

சுவடிக்கூடவாசி எழுதியது:

இருவரும் இங்கிலாந்தோடு நின்றுவிட்டீர்கள். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் கற்பிக்கப்போகும் ஒருவர், அம்மொழி இங்கே எப்படிக் கற்பிக்கப்பட்டது என்பதையும் அறிந்திருக்க வேண்டும் அல்லவா? ஒல்லாந்தரிடமிருந்து யாழ்ப்பாணத்தை ஆங்கிலேயர் 1795இல் கைப்பற்றினர். 1816இல் அமெரிக்க மிசனரிமார் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையில் அவர்களுடைய உயர்கல்விக்கூடமான செமினரி தொடங்கியது. டானியல் பூவர் அதன் முதல் அதிபர். அங்கே ஆங்கிலத்தோடு தமிழும் கற்பிக்கப்பட்டது என்பதே கவனிக்க வேண்டியது. 1841இல் வெளிவரத் தொடங்கிய 'உதயதாரகை' பத்திரிகையும் இரு மொழிகளிலும் எழுதப்பட்டது.

1855இல் அந்தச் செமினரி மூடப்பட்ட சூழல், பயிற்று மொழி பற்றிய இன்றைய வாதங்களை அப்படியே ஒத்திருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழு, ஆங்கிலக் கல்வி மாணவர்களைச் சமயப் பணிக்கு அன்றி அரசாங்க உத்தியோகத்துக்கே அனுப்புகிறது என்று கண்டு, தாய்மொழிக் கல்வியே போதும் என முடிவு செய்தது. ஊரவர்கள் அதை ஏற்கவில்லை. 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. செமினரியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். அந்தத் தாமோதரம்பிள்ளைதான் 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். ஆங்கிலம் படித்தால் தமிழ் போய்விடும் என்று அஞ்சும் பெற்றோருக்குச் சொல்ல இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

நல்லூரில் பணியாற்றிய ஒரு மிசனரி தொடங்கிவைத்த தமிழ் - ஆங்கில அகராதி வேலை, பலர் கைமாறி 1862இல் வின்சிலோவின் பேரகராதியாக வெளிவந்தது. தொடங்கிவைத்தவரின் பெயர் ஜோசப் நைற். ஐயா மேலே எழுத்துக்கூட்டிக் காட்டிய அதே நைற்!

1956இன் சிங்கள மொழிச் சட்டத்துக்கும், ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கிய 1987இன் பதின்மூன்றாவது திருத்தத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் இங்கே ஆங்கிலம் பெற்றதும் இழந்ததும் தனியே பேச வேண்டிய பொருள்.

தென்மராட்சி மாணவி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஐயாவிடம் இன்னும் இரண்டு ஐயங்கள். கேள்வி வாக்கியங்களில் 'டூ' என்ற துணைவினை எங்கிருந்து வந்தது? பிள்ளைகள் அதை விட்டுவிட்டே கேட்கிறார்கள். மற்றது, ஆசிரியரைப் பார்த்து 'யூ' என்று சொல்ல அவர்கள் கூசுகிறார்கள். 'நீ' என்று சொல்வதுபோல இருக்கிறதாம்.

ஓய்வுநிலை ஆசிரியர், வலிகாமம் எழுதியது:

வன்னி ஆசிரியர் சொன்ன எச்சரிக்கை சரியானதே. வரலாறு ஆசிரியரின் தலையில் இருக்க வேண்டியது, கரும்பலகையில் அன்று.

உங்கள் முதல் ஐயத்துக்கு வருகிறேன். பழைய ஆங்கிலத்தில் எந்த வினையையும் எழுவாய்க்கு முன்னே கொண்டுவந்தால் அது கேள்வியாகிவிடும். பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து 'டூ' மெல்ல நுழைந்தது. 1616இல் மறைந்த சேக்ஸ்பியரின் நாடகங்களில் இரண்டு முறைகளும் அருகருகே வருகின்றன. பிறகு புதிய முறை வென்றது. ஆனால் 'கான்', 'மஸ்ற்', 'இஸ்' போன்றவை இன்றும் பழைய முறையிலேயே முன்னே வருகின்றன. தமிழில் 'போகிறாயா' என்று ஈற்றில் ஆகாரத்தைச் சேர்த்தால் போதும், சொற்களை இடம் மாற்ற வேண்டியதில்லை. அதனால்தான் பிள்ளைகளுக்கு இது புதிதாக இருக்கிறது. 'இஸ்', 'கான்' என்பவற்றை முன்னே கொண்டுவந்து கேட்கும் பழக்கம் நன்றாகப் படிந்த பிறகு, முன்னே வரக்கூடிய துணைவினை இல்லாத இடத்தில் 'டூ' வந்து நிற்கிறது என்று காட்டுங்கள். வரிசையை மாற்றிக் கற்பித்தால் சிக்கல்தான்.

இரண்டாவது ஐயம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்கிலத்திலும் ஒருமைக்கு 'தவ்' என்றும் பன்மைக்கு 'யீ', 'யூ' என்றும் சொற்கள் இருந்தன. பிரெஞ்சு வழக்கைப் பின்பற்றிப் பெரியவர் ஒருவரைப் பன்மையால் விளிக்கும் மரியாதை பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் தொடங்கியது. காலப்போக்கில் அம்மரியாதை எல்லோருக்கும் பரவி, பதினேழாம் நூற்றாண்டில் 'தவ்' பொதுப்பேச்சிலிருந்து ஒதுங்கியது. நம்மிடம் 'நீர்' என்பதும் முதலில் 'நீ'யின் பன்மையாக இருந்து, ஒருவரைச் சுட்டும் மரியாதைச் சொல்லாகி, யாழ்ப்பாணத்தில் இன்று 'நீ'க்கும் 'நீங்கள்' என்பதற்கும் இடையில் நிற்கிறது. ஆகவே ஆங்கிலத்தில் எஞ்சியிருப்பது அவர்களுடைய 'நீங்கள்'தான், மறைந்துபோனது 'நீ' என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், கூச்சமின்றிப் பேசுவார்கள். பரீட்சையில் பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலம் பற்றிக் கேள்வி வந்தால், இவ்விரு எடுத்துக்காட்டுகளையும் விரித்து எழுதிவிட்டு ஆண்டுகளை இடையிடையே சேர்த்துக்கொள்ளுங்கள்.